வெறும் வயிற்றில் வேலூர்

ஆம்பூரில் இறங்க வேண்டியவள் வாணியம்பாடியில் போய் இறங்கினேன். செவ்வாய்க்கிழமை காலை என் பயணம் இந்த லட்சணத்தில்தான் ஆரம்பித்தது.

ஆம்பூர் வந்தபோது கண்டக்டர் கத்தியிருப்பார். எனக்குக் கேட்கவும் இல்லை, நான் யாரையும் கேட்கவும் இல்லை. வெளியே ஆம்பூரின் தோல் தொழிற்சாலை வாடை வந்து, அது மெல்லப் பின்னால் போனபோதே ஊர் தாண்டிவிட்டதோ என்று சந்தேகம் வந்தது. பக்கத்து சீட்டில் பர்தா போட்ட அம்மா ஒருத்தர் இருந்தார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கலாம், கேட்கலாம் என்று கைப்பையைத் திருகிக்கொண்டே இருந்ததில் பஸ் அடுத்த ஊருக்கு வந்துவிட்டது.

"ஆயா, டிக்கெட் ஆம்பூருக்குத்தானே எடுத்த? இவ்ளோ நேரம் வாயில இன்னா வச்சிருந்த?" என்றார் கண்டக்டர். பஸ்ஸில் நாலு பேர் சிரித்தார்கள். இறங்கி, எதிர்ப்பக்கம் போய், வந்த வழியே திரும்பினேன்.

எனக்கு வயது அறுபத்து நாலு. காவேரிப்பாக்கத்தில் ஏரிக்கரைக்குப் பக்கத்தில் வீடு. அஞ்சாவது வரைக்கும் படித்தேன். நாலு பேர் கூடும் இடத்தில் வாய் திறக்க மாட்டேன் என்பதால் ஊரில் எனக்குக் கூச்சக்காரி என்று பெயர். கல்யாணம், சாவு தவிர வேறு எதற்கும் வெளியூர் போனது கிடையாது. இப்போது போகவேண்டி வந்தது என் மகள் வசந்திக்காக.

வசந்திக்கு நாற்பத்தோரு வயது. கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டாள். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் மிஷின் ஓட்டுகிறாள். ஷூவின் மேல் தோலைத் துண்டு துண்டாகச் சேர்த்துத் தைக்கிற வேலை. போன வாரம் மிஷின் மேலேயே சாய்ந்து விழுந்துவிட்டாள். இந்த வருஷத்தில் இது மூன்றாவது தடவை. அங்கே இருக்கும் சூப்பர்வைசர், "இன்னா வியாதின்னு டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வா. திங்கக்கிழம பேப்பர் இல்லன்னா நீயும் வராத" என்று சொல்லிவிட்டாராம். வேலூர் பெரிய ஆஸ்பத்திரியில் போன மாதமே ஒரு முறை பார்த்து, இந்த வாரம் சோதனைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். துணைக்கு ஆள் வேண்டும். அவளோடு ஒரே அறையில் தங்கும் ரெஜினா போன் போட்டாள். கிளம்பிவிட்டேன்.

ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் ரெஜினா ஒன்றரை மணி நேரமாக நின்றுகொண்டிருந்தாள். "இன்னாம்மா, வாணியம்பாடி எல்லாம் சுத்திப் பாத்தாச்சா?" என்று சிரித்தபடி பையை வாங்கிக்கொண்டாள்.

மத்தியானம் பிரியாணி வாங்கி வந்திருந்தாள். கூடவே புளிப்பாக ஒரு கத்திரிக்காய். எங்கள் ஊரில் ஏரிமீன் குழம்புக்குப் பிறகு ஒரு தூக்கம் போடலாம். இந்தப் பிரியாணியைத் தின்றால் ஓடலாம் போலிருந்தது. வசந்தி நாலு வாய் தின்றாள். பிறகு கையை இலையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னாடி?"

"மென்னு மென்னு தாடை வலிக்குதும்மா."

சோறு மெல்ல ஒருத்திக்கு வலிக்குமா என்று எனக்குக் கோபம் வந்தது. சின்ன வயசிலிருந்தே இவள் இப்படித்தான். தண்ணீர்க் குடத்தைப் பாதி வழியில் இறக்கி வைப்பாள். பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயம் என்றால் மரத்தடியில் உட்கார்ந்துவிடுவாள். சோம்பேறி என்று நான் திட்டாத நாள் இல்லை. அன்றும் அந்த வார்த்தை நுனி நாக்கு வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

புதன்கிழமை வேலூர். ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் எனக்குத் தலை சுற்றியது. இவ்வளவு ஜனத்தைத் திருவிழாவில்கூடப் பார்த்ததில்லை. வங்காளம், அசாம் என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்கள், தலையில் முக்காடும் கையில் ஃபைலுமாக. எல்லோரும் ஏதோ ஒரு கதவைத் தேடிக்கொண்டிருந்தார்கள். வசந்தியால் நிற்க முடியாது. அவளைத் தூரத்தில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு நான் வரிசையில் நின்றேன். நின்றேன் என்பது பேச்சுக்கு. ஒரு கால் மாற்றி ஒரு கால் வைத்தபடி, எட்டி எட்டி அவளையே பார்த்தபடி இருந்தேன்.

ஜன்னலில் ஒரு மலையாள நர்ஸ். சின்னப் பெண். முகத்தில் மாஸ்க். இங்கிலீஷில் அச்சடித்த காகிதம் ஒன்றைக் கொடுத்து, தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள்: "அம்மே, நாளைக்கு ஒன்பது மணி. ரத்தம் எடுக்கும். வெறும் வயிற்றில் வர வேண்டும்."

தலையை ஆட்டினேன். பின்னால் நின்றவர் இடித்துக்கொண்டு முன்னால் வந்தார்.

மகளிடம் போய்ச் சொன்னேன். "வெறும் வயித்துலதான? அது தெரிஞ்சதுதானம்மா" என்றாள். ரத்தம் எடுக்கிறார்கள் என்றால் பட்டினியாகப் போகவேண்டும் என்பது எங்கள் ஜில்லாவில் குழந்தைக்கும் தெரியும். அதனால் நாங்கள் வேறு யாரையும் கேட்கவில்லை, அந்த இங்கிலீஷ் காகிதத்தை யாரிடமும் காட்டவும் இல்லை.

பக்கத்தில் லாட்ஜ் எல்லாம் நிரம்பியிருந்தது. ரெஜினாவுக்குத் தெரிந்தவர்கள் மூலம் ஊருக்கு வெளியே பாகாயத்தில் ஒரு வீட்டில் அறை கிடைத்தது. அடுத்த அறையில் ஒரு வங்காளத்து அம்மா. அவர் வீட்டுக்காரருக்கு வைத்தியம். சாயங்காலம் அந்த அம்மா ஒரு பெரிய கிண்ணத்தில் பொரியைக் கொட்டி, பச்சைமிளகாய், வெங்காயம் அரிந்து போட்டு, கடுகெண்ணெய் ஊற்றிக் கலந்தார். வாடை மூக்கில் ஏறியது. எங்களுக்கும் ஆளுக்கொரு கிண்ணம் நீட்டினார். வீட்டுச் சொந்தக்காரர் பையனுக்கு இந்தி தெரியும். அவன் சொன்னான், "சாப்பிடச் சொல்றாங்க. உங்க ஊர்ல எல்லாமே புளிக்குதாம், அவங்களது காரம் மட்டும்தானாம்."

"நாளைக்கு ரத்தம் எடுக்கறாங்க. ஏழு மணிக்கு மேல ஒண்ணும் தொடறதா இல்ல" என்றாள் வசந்தி.

பையன் அதைச் சொன்னான். அந்த அம்மா புருவத்தைச் சுருக்கி ஏதோ கேட்டார். "அவங்க வீட்டுக்காரருக்கு இன்னிக்கு ரத்தம் எடுத்தாங்களாம். சாப்பிட்டுத்தான் போனாராம். நல்லாக் கேட்டீங்களாங்கறாங்க."

நான் சிரித்து வைத்தேன். காலையில் கேட்டது நினைவில் சரியாகத்தான் இருந்தது. அவர் வியாதிக்கு முறை வேறாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை ஆட்டோ கிடைக்கவே தாமதம். கிடைத்த ஆட்டோ நடுவழியில் படுத்துவிட்டது. இறங்கி, கொஞ்சம் நடந்து, பஸ் பிடித்தோம். ஒன்பது மணிக்குப் போகவேண்டியவர்கள் பத்தேகாலுக்குப் போனோம். டோக்கன் பின்னால் தள்ளிவிட்டார்கள். பதினொன்று. பன்னிரண்டு. வசந்தி சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தாள். தண்ணீராவது குடிடி என்றேன். "இவ்ளோ நேரம் இருந்துட்டு இப்பக் கெடுத்துக்கணுமா?" என்றாள். பேச்சு குழறியது. அதைக்கூட நான் தூக்கக் கலக்கம் என்று நினைத்தேன்.

மேல் மாடிக்கு வரச் சொன்னார்கள். லிப்ட்டில் ஸ்ட்ரெச்சர். படியேறினோம். எட்டாவது படியோ ஒன்பதாவது படியோ, வசந்தியின் கை என் கையிலிருந்து வழுக்கியது. திரும்பினால் கீழே கிடக்கிறாள். வேகவேகமாக மூச்சு வாங்குகிறாள், ஓடிவந்தவள் மாதிரி. கூப்பிட்டால் பதில் இல்லை.

யார் யாரோ ஓடி வந்தார்கள். தூக்கினார்கள். ஊசி குத்தி க்ளூக்கோஸ் ஏற்றினார்கள். நான் செருப்பைப் படியிலேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு நின்றேன்.

தலைமை நர்ஸ் ஒருத்தர் கேட்டார்: "இவங்க கடைசியா எப்ப சாப்பிட்டாங்க?"

"நேத்து ஏழு மணிக்கு."

"இவங்களுக்குப் பட்டினியே ஆகாதுன்னு ஃபைல்ல எழுதியிருக்கே! யார் சாப்பிட வேணான்னு சொன்னது?"

நான் கையைக் காட்டினேன். மலையாளப் பெண் தூரத்தில் நின்றிருந்தாள். ஓடி வந்தாள். மாஸ்க்கைக் கழற்றினாள். முகமெல்லாம் சிவந்திருந்தது. "இல்லை மேடம். வெறும் வயிற்றில் வர வேண்டாம் என்றுதான் நான் சொன்னது. வேண்டாம். வேண்டாம்."

அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேண்டும் என்றால் உதடு குவியும். வேண்டாம் என்றால் வாய் திறக்கும். புதன்கிழமை அந்த உதடு எனக்குத் தெரியவில்லை, மாஸ்க் மறைத்திருந்தது.

என் இடது காது கேட்காமல் போய்ப் பதினைந்து வருஷம் இருக்கும். வலது காதும் பாதிதான். எதிரே இருப்பவர் உதட்டைப் பார்த்துத்தான் பாதிப் பேச்சைப் பிடிக்கிறேன். இது யாருக்கும் தெரியாது, வசந்திக்கும் தெரியாது. செவிடி என்று பெயர் வாங்குவதற்குக் கூச்சக்காரி என்ற பெயர் மேல் என்று இருந்துவிட்டேன்.

"நீ எழுதிக் குடுத்துட்டுப் போ. இன்னா சொன்ன, இன்னா நடந்ததுன்னு" என்றார் தலைமை நர்ஸ் அந்தப் பெண்ணிடம். அவள் கண் நிறைந்துவிட்டது.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். என் வெறுங்காலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

சாயங்காலம் வசந்தி கண் விழித்து, கொஞ்சம் கஞ்சி குடித்தாள். முதல் பேச்சே, "அந்த நர்ஸ் என்னைக் கொல்லப் பாத்துச்சும்மா" என்றுதான். நான் எழுந்து வராண்டாவுக்குப் போனேன். திரும்பி வந்தேன். மறுபடி போனேன். படியில் என் செருப்பு கிடக்கிறதா என்று தேடினேன். ஒன்றுதான் கிடைத்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். துணைக்கு வந்த மற்றவர்கள், "உக்காரும்மா, எங்களுக்குத் தல சுத்துது" என்றார்கள்.

வெள்ளிக்கிழமை காலை டாக்டரம்மா வந்தார். நாற்பதுக்குள் இருக்கும். கட்டிலிலேயே உட்கார்ந்து, ஒரு காகிதத்தின் பின்பக்கத்தில் முட்டை முட்டையாகப் படம் போட்டார். என் வலப்பக்கம் உட்கார்ந்ததும் மாஸ்க் போடாததும் என் அதிர்ஷ்டம்.

"நம்ம உடம்பு பூரா செல்லு. ஒவ்வொரு செல்லுலயும் நூறு, ஆயிரம்னு குட்டி அடுப்பு மாதிரி இருக்கு. மைட்டோகாண்ட்ரியான்னு பேரு. சாப்பிடறதையும் மூச்சையும் சேர்த்து எரிச்சு, அதுதான் தெம்பு குடுக்கும். நீங்க ஓடுனா வேகமா எரியும். தினம் நடந்தா, இவளுக்கு ஜாஸ்தி வேணும்போலன்னு செல்லு புதுசா அடுப்பு போட்டுக்கும்."

"பட்டினி கெடந்தா?" என்றாள் வசந்தி.

"அப்ப தனித்தனியா இருக்கறது ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து நீளமாயிடும். இருக்கறத வச்சுச் சமாளிக்கும். ரொம்பக் கெட்டுப்போனத மட்டும் தனியாப் பிச்சுவிட்டு, செல்லே அதைத் தின்னுரும்."

வசந்தி கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "எங்க லைன் மாதிரியே இருக்கு டாக்டர். ஒருத்தி லீவு போட்டா ரெண்டு பக்கத்து மிஷின்காரியும் சேர்ந்து அவ வேலையப் பிரிச்சுக்குவோம். ஆர்டர் ஜாஸ்தியானா புது மிஷின் போடுவாங்க. ரிப்பேர் மிஷின லைன விட்டுத் தூக்கிடுவாங்க."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "நான் இத்தனை வருஷம் அடுப்பு அடுப்புன்னு சொல்லிட்டிருக்கேன். இது நல்லாருக்கே! சரி, உங்க லைன்ல பாதி மிஷின் பிறவியிலேயே கோளாறுன்னு வச்சுக்கங்க. அப்படித்தான்னு சந்தேகப்படறோம். நல்ல மிஷின் எல்லாம் சேர்ந்து சாதாரண நாள்ல தாங்கிக்கும். ஜுரம் வந்தா, பட்டினி கெடந்தா, ஒரேயடியா ஓவர்டைம் பாத்தா தாங்காது. அப்ப உடம்பு வேற குறுக்கு வழியில தெம்பு தேடும். அதுல ரத்தத்துல புளிப்பு ஏறும். நேத்து நடந்தது அதுதான்."

"அப்ப நான் சோம்பேறி இல்லையா?" என்றாள் வசந்தி. டாக்டரைக் கேட்கவில்லை, என்னைப் பார்த்துக் கேட்டாள்.

நான் அவள் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன்.

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "இந்த மாதிரிக் கோளாறு அம்மா வழியாத்தான் வரும். அப்பாகிட்டேர்ந்து இது வராது. உங்களுக்கு சுகர் இருக்காம்மா?"

"இருக்குது."

"காது நல்லாக் கேக்குதா?"

"அம்மாக்குக் காதெல்லாம் நல்லாக் கேக்கும் டாக்டர். கூச்சம்தான் ஜாஸ்தி" என்றாள் வசந்தி.

மலையாளப் பெண் கட்டிலின் கால்மாட்டில் நின்று க்ளூக்கோஸ் பாட்டிலை மாற்றிக்கொண்டிருந்தாள். எங்கள் பக்கம் பார்க்கவே இல்லை. அவளிடம் நேற்று எழுதி வாங்கிய காகிதம் எங்கேயோ ஒரு மேஜையில் இருக்கும் என்று நினைத்தேன்.

"கேக்காது" என்றேன்.

என் குரல் பெரிதாக எழும்பிவிட்டது போலும். பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பினார்கள். சொல்ல ஆரம்பித்த பிறகு நிற்கவில்லை. இடது காது, வலது காது, உதட்டைப் பார்ப்பது, பஸ்ஸில் வாணியம்பாடி வரை போனது எல்லாவற்றையும் கொட்டினேன். "இந்தப் பொண்ணு சரியாத்தான் சொல்லியிருக்கும். வேண்டாம்னு சொன்னது எனக்கு வேண்டும்னு கேட்டுச்சு. திருப்பிக் கேக்க வெக்கப்பட்டுக்கினு வந்துட்டேன். எம் பொண்ணப் பட்டினி போட்டு இழுத்துக்கினு வந்தது நான்தான்."

மலையாளப் பெண் பாட்டிலைப் பிடித்தபடியே நின்றாள்.

"இன்னாம்மா நீ" என்றாள் வசந்தி. "பதினஞ்சு வருஷமா? அப்ப நான் போன்ல பேசறதுக்கெல்லாம் 'சரி சரி'ன்னு சொன்னியே?"

"பாதி கேக்கும்."

"எந்தப் பாதி?"

டாக்டரம்மா முதலில் சிரித்தார். பிறகு வசந்தி. கடைசியில் அந்த மலையாளப் பெண்ணும். எனக்குச் சிரிப்பு வரவில்லை. டாக்டரம்மா என் கையைப் பிடித்தார். "உங்க காதும் சுகரும்கூட இதே கோளாறா இருக்கலாம்மா. வேணும்னு யாரும் பிள்ளைக்குக் குடுக்கறது இல்ல. உங்க ரத்தமும் எடுத்துப் பாத்துடுவோம். ரிசல்ட் வரச் சில வாரம் ஆகும்." அந்தப் பெண் எழுதிக் கொடுத்த காகிதத்தைத் தானே வாங்கிக் கிழித்துப் போடுவதாகவும் சொன்னார்.

என் ரத்தத்தை அவள்தான் எடுத்தாள். ஊசியைக் கையில் எடுக்கும் முன்னால் மாஸ்க்கை இறக்கினாள். "அம்மே, சாப்பிட்டோ?" என்று ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். பொங்கல் சாப்பிட்டேன் என்றேன். "வேண்டாம் என்றால் இப்படி" என்று கையை வேகமாக ஆட்டிக் காட்டினாள். "வேண்டும் என்றால் இப்படி" என்று கட்டைவிரலை உயர்த்தினாள். சரி என்றேன்.

சாயங்காலம் எங்களை அனுப்பும்போது டாக்டரம்மா பேப்பர் எழுதிக் கொடுத்தார். முழுதாகச் சரிபண்ணும் மருந்து இன்னும் இல்லை, சத்து மாத்திரை உண்டு, தினமும் மெதுவாக நடக்கவேண்டும் என்றார். "கேட்டாத்தான் உடம்பு குடுக்கும். கொஞ்சங்கொஞ்சமாக் கேக்கணும், அவ்வளவுதான்." பேப்பரில் எழுதியிருந்தது இது: மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை ஏதாவது சாப்பிட வேண்டும், பட்டினி கூடாது, ஓவர்டைம் கூடாது, ஜுரம் வந்தால் லீவு.

சனிக்கிழமை வசந்தியை அறையில் படுக்க வைத்துவிட்டு லாங் பஜாருக்குப் போனேன். தள்ளுவண்டிக்கும் ஸ்கூட்டருக்கும் நடுவில் எப்படித்தான் நடக்கிறார்களோ! பின்னாலிருந்து ஹாரன் அடித்தால் எனக்குக் கேட்காது. ஒருத்தன் ஸ்கூட்டரை என் முன்னால் நிறுத்தி, "ஆயா, காது இன்னா டப்பாவா?" என்றான். "ஆமாம்பா, டப்பாதான்" என்றேன். அவன் வளைத்துக்கொண்டு போனான். செருப்பு ஒரு ஜோடி வாங்கினேன். கையடக்கமாக ஒரு எவர்சில்வர் டப்பா வாங்கி, பொட்டுக்கடலையும் வெல்லமும் போட்டு நிரப்பினேன்.

திங்கட்கிழமை காலை ஆம்பூர் கம்பெனி கேட். பெண்கள் கூட்டம் கூட்டமாக உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். சூப்பர்வைசர் கேட்டருகே நின்று வருகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வசந்தி பேப்பரை நீட்டினாள். நான் பின்னால் டப்பாவோடு நின்றேன்.

அவர் படித்தார். முகம் சுருங்கியது. மிஷினில் உட்கார்ந்து தின்பது அங்கே கூடாது. வெல்லப்பாகு, எண்ணெய்க் கை தோலில் பட்டால் பீஸ் வீண். ஓவர்டைம் பார்க்காதவளை அந்த லைனில் வைப்பதும் இல்லை. இதெல்லாம் ரெஜினா எனக்கு முன்பே சொல்லியிருந்தாள். அவர் பேப்பரை மடித்துக் கொடுத்து, குனிந்து, வாய்க்குள்ளேயே ஏதோ சொன்னார். மீசை உதட்டை மறைத்தது. வசந்தியின் தோள் தொங்கிப்போனது.

எப்போதும்போல் தலையாட்டிவிட்டுத் திரும்பியிருப்பேன். காலும் திரும்பப் பார்த்தது.

"சார்" என்றேன். "எனக்குக் காது கம்மி. நீங்க சொன்னது கேக்கல. இன்னொரு வாட்டி சத்தமாச் சொல்லுங்க."

உள்ளே போய்க்கொண்டிருந்த பெண்கள் நின்றார்கள். ரெஜினா நின்றாள். அவளுக்குப் பின்னால் வந்த பத்திருபது பேரும் நின்றார்கள். வெளியே ஆட்டோவில் தொங்கிக்கொண்டு வந்தவர்கள்கூட இறங்காமல் பார்த்தார்கள்.

அவர் என்னைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"டப்பாவ மிஷின்கிட்ட வைக்கக் கூடாது. மூணு மணி நேரத்துக்கு ஒரு வாட்டி வெளிய வந்து சாப்பிட்டுட்டு, கை கழுவிட்டுப் போகட்டும்" என்று கத்தினார். "ஓவர்டைம் வேணாம். கேட்டுச்சா?"

வேணாம் என்றபோது கையையும் ஆட்டினார். நன்றாகக் கேட்டது.

வசந்தி டப்பாவை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். முதல் தடவை அவர் என்ன சொன்னார் என்று அன்று சாயங்காலம் அவளைக் கேட்டேன். "அது உனக்குக் கேக்காததே நல்லதும்மா" என்று சொல்லிவிட்டு, இரண்டு கடலையை வாயில் போட்டு, மெதுவாக மென்றாள்.